தினைப்புனத்தில் கொக்கு

நம் நாடக வரலாறுகளில் எழுதியவர் பெயர் இருக்கிறது. நடித்தவர் பெயர் இருக்கிறது. எந்தக் கம்பெனி எந்த ஊரில் கலைந்தது, யார் யாரோடு கோபித்துக்கொண்டு பிரிந்து போனார் என்பதுவரை இருக்கிறது. எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. 'மக்கள் ஆரவாரம் செய்தனர்' என்ற வாக்கியத்தோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. எதற்கு ஆரவாரம் செய்தான், எந்த இடத்தில் சிரித்தான், எதைத் திரும்பக் கேட்டான், எதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. கைதட்டல் காகிதத்தில் தங்குவதில்லை என்பது ஒரு காரணம். அவன்மேல் நமக்கு மரியாதை இல்லை என்பது இன்னொரு காரணம்.

இசை நாடகத்தைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. அங்கே பார்வையாளனுக்கு ஓர் அதிகாரம் இருந்தது. அவன் 'ஒன்ஸ்மோர்' என்று குரல் கொடுத்தால் கதை நின்றுவிடும். பிள்ளையை மடியில் கிடத்தி அழுதுகொண்டிருக்கும் சந்திரமதி, அழுகையை அப்படியே வைத்துவிட்டுப் பல்லவியிலிருந்து மறுபடியும் அழவேண்டும். கதையின் ஓட்டம், பாத்திரத்தின் ஒருமை என்றெல்லாம் நாம் பின்னால் கற்றுக்கொண்ட விஷயங்கள் அந்தக் குரலுக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பாட்டைக் குறைத்து உரையாடலைக் கூட்டியதை நாடகத்தின் முன்னேற்றம் என்று எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. முன்னேற்றமாகவே இருக்கட்டும். அந்த முன்னேற்றத்தில் யாருடைய வாய் அடைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நான் இங்கே எழுத விரும்புவது ஒரு பாட்டைப் பற்றி. துள்ளலான, எளிமையான, சிறு பிள்ளையிடம் வேடிக்கை காட்டுவது போன்ற பாட்டு. அதைக் கேட்டவர்கள் மூன்று காலங்களில் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

2

1876இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறந்தது; சாத்தூர் அதில் ஒரு ஸ்டேஷன். அதே ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டிக் கல்கத்தா மேடையில் ஒரு கேலி நாடகம் போட்டார்கள். அரசாங்கம் அதைத் தடுத்தது. பிறகு நாடு முழுமைக்குமாக ஒரு சட்டத்தையே செய்துகொண்டது. ராஜத்துரோகம், அவதூறு, ஆபாசம் என்று கருதும் எந்த நாடகத்தையும் தடைசெய்யலாம். நாடகத்தைப் பற்றிய விவரங்களைக் கேட்டு வாங்கலாம்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு இல்லைபோலத் தோன்றும். ஆனால் கரிசல் காட்டில் ஸ்பெஷல் நாடகம் என்ற வடிவம் இவை இரண்டுக்கும் நடுவில்தான் வளர்ந்தது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. பபூன் இன்னோர் ஊர். ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர் தனித்தனி. கொடை நடத்தும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பணம் பேசி அழைத்திருப்பார்கள். ரயில் இல்லாமல் இது சாத்தியமில்லை. ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் ஊருக்குப் போய், இரவு பத்து மணிக்கு மேல் மேடையேறி, விடிய விடிய நடித்துவிட்டு மறுநாள் பிரிந்துவிடுவார்கள். ஒத்திகை என்பது கிடையாது.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடந்தது என்றால், எல்லோருக்கும் பாடம் ஒன்றே. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத்து நடிகர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். நாரதர் எப்போது வருவார், வள்ளியோடு தர்க்கம் எங்கே தொடங்கும், வேடன் எந்தப் பக்கமாக நுழைவான் என்பதெல்லாம் நடிகனுக்குத் தெரியும். பார்க்கிறவனுக்கும் தெரியும்.

கதை தெரிந்திருப்பதால்தான் பாட்டு முக்கியமாகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அங்கே யாருக்கும் இல்லை. இன்றைக்கு எப்படி நடக்கும் என்பதுதான் ஆவல். பாடத்தில் உள்ள பாட்டை எடுத்துவிட்டுச் சொந்தப் பாட்டைப் போடலாம். தெரிந்த மெட்டில் புதிய வார்த்தைகளைப் போடலாம். ஹார்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொள்வார். டைரக்டர் என்று ஒருவர் இல்லாததால் தடுப்பாரும் இல்லை. தடுக்கக்கூடியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் மட்டும். அவர் பேச ஆரம்பித்தால், தூங்க ஆரம்பித்தால், பாட்டு அன்றோடு சரி. ஒன்ஸ்மோர் கேட்டால் அடுத்த ஊருக்கும் போகும்.

சட்டம் இங்கேதான் தடுமாறியது. நாடகத்தின் பிரதியைக் கேட்டால் யாரும் கொடுப்பார்கள். அதில் வள்ளி இருப்பாள், தினைப்புனம் இருக்கும், கிளி இருக்கும். கொக்கு இருக்காது.

3

விஸ்வநாத தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தார். குடும்பம் பிறகு திருமங்கலத்துக்குப் போனது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டாகப் புகழ் பெற்று, காங்கிரஸ்காரராகி, கதர் உடுத்தி, புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டுகளைப் பாடியதற்காகப் பலமுறை கைதாகிச் சிறை சென்றவர். அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டு கொக்குப் பாட்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியதாக அறியப்படுவது. வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சியில் வரும். வள்ளி பரண்மேல் நின்று கவணும் கையுமாக ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் இடம். கொக்கு ஒன்று பறக்கிறது, பார்த்துக்கொள் என்று ஒரு பாப்பாவிடம் சொல்வதாகப் பாட்டு. கொக்கு வெள்ளை நிறம். வெள்ளைக்காரனும் வெள்ளை. இவ்வளவுதான் இதன் அலங்காரம். ஒரு கவிஞன் இதைக் கொண்டுவந்து நம் பத்திரிகையில் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.

எனக்கு இந்தப் பாட்டைப் பற்றி முதலில் சொன்னவர் என் தாத்தா. சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். இருபது வயதுக்குள் இரண்டு மூன்று தடவை தாஸின் நாடகத்தைப் பார்த்திருக்கிறார். பாட்டின் அர்த்தம் என்ன என்று நான் கேட்டபோது அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"ஏலே, கொக்கு தினை திங்குமாலே?"

"திங்காது தாத்தா. மீனுதான் திங்கும்."

"பெறகு தினைக்காட்டுல அதுக்கு என்ன சோலி?"

அந்தக் கேள்வியில் இருந்த கூர்மை எனக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது. தினையைக் கொத்த வருவது கிளி, குருவி, மைனா. வள்ளி விரட்டுவதும் இவற்றைத்தான். கொக்கு நீர்நிலைப் பறவை. மாட்டின் பின்னால் பூச்சி பொறுக்க வரும் உண்ணிக்கொக்குகூடத் தானியத்தைத் தொடாது. மானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் தினையும் விதைத்து, பரண் போட்டுக் காவல் இருந்து பழகியவனுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. தினைப்புனத்தின் மேல் கொக்கு பறக்கிறது என்று பாட்டு தொடங்கிய அந்த நொடியிலேயே அவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். இந்தப் பறவைக்கு இங்கே வேலை இல்லையே. வேலை இல்லாத இடத்துக்கு வந்திருக்கிறது என்றால் அது வேறு பறவை.

வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரன் என்ற உவமையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். உவமை நிறத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். தாத்தா சொன்னதை வைத்துப் பார்த்தால் கொட்டகையில் முதல் சிரிப்பு 'வெள்ளை'க்கு முன்னாலேயே எழுந்திருக்கவேண்டும். பாட்டைப் பாடியவர் பாதி சொன்னார். மீதியைச் சம்சாரிகள் தங்கள் காட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்புறம் ஒன்ஸ்மோர். மராத்தி மேடையில் பால கந்தர்வருக்கு எழுந்ததும் இதே வார்த்தைதான். வெள்ளைக் கொக்கைத் திரும்ப வரவழைத்து மறுபடி விரட்டிப் பார்ப்பதற்கு வெள்ளைக்காரனின் வார்த்தையையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

முருகன் வேடத்தில் இருந்தபோதே தாஸைக் கைதுசெய்ய வந்தார்கள் என்றும், 'நான் இப்போது முருகன், முருகனுக்கு வாரண்ட் இருக்கிறதா' என்று அவர் கேட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததா என்பதைவிட, அப்படி ஒரு கதை ஏன் பிழைத்திருக்கிறது என்பது எனக்கு முக்கியம். சட்டத்துக்கும் பாட்டுக்கும் நடந்த வழக்கை ஜனங்கள் எப்படித் தீர்த்துவைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

4

இந்த இடத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்துக் கைதட்டல்களையெல்லாம் தேசபக்திக் கணக்கில் வரவு வைத்துவிடுவது பின்னால் வந்தவர்களுக்குச் சௌகரியம்.

இத்தாலியில் இப்படி நடந்திருக்கிறது. வெர்தியின் 'நபூக்கோ' 1842இல் மிலானில் அரங்கேறியபோது, அடிமைப்பட்ட எபிரேயர்கள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் குழுப்பாட்டை ஜனங்கள் ஆஸ்திரியத் தடையையும் மீறித் திரும்பக் கேட்டார்கள் என்று நூறு வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ராஜர் பார்க்கர் என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தார். திரும்பக் கேட்கப்பட்டது அந்தப் பாட்டு இல்லை. கடவுளைத் துதிக்கும் இன்னொரு பாட்டு. இத்தாலி ஒன்றுபட்ட பிறகு, தேசம் தனக்கு வேண்டிய கைதட்டலைப் பழைய கொட்டகையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டது.

பெர்லினில் 1928இல் நடந்தது இதற்கு மறுபக்கம். பிரெக்டும் கர்ட் வைலும் சேர்ந்து போட்ட 'மூன்று பென்னி ஆப்பரா'வின் முதல் இரவில் சபை விறைத்து உட்கார்ந்திருந்தது. பழைய பட்டாளத்துக்காரர்கள் இருவர் பாடும் பீரங்கிப் பாட்டு வந்ததும் அரங்கு கொந்தளித்துவிட்டது என்று அதில் நடித்த லோட்டே லென்யா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பட்டாளத்தையும் காலனி யுத்தத்தையும் குத்திக்காட்டும் பாட்டு. தட்டிய கைகளில் எத்தனை அதன் குத்தலுக்காகத் தட்டின, எத்தனை அதன் அணிவகுப்புத் தாளத்துக்காகத் தட்டின? கதையை நிறுத்திப் பாட்டைத் தனியே பிரித்துக் காட்டு, பார்வையாளன் யோசிப்பான் என்பது பிரெக்டின் கட்சி. அவன் யோசிக்கவும் செய்வான், தாளமும் போடுவான். இரண்டையும் பிரிக்கமுடியாது என்பதைத்தான் அந்த இரவு காட்டியது.

கொக்குப் பாட்டுக்கும் இது பொருந்தும். கேட்டவர்களில் குரலுக்காகக் கேட்டவன் இருப்பான். மெட்டுக்காகக் கேட்டவன் இருப்பான். போலீஸ்காரன் முகம் போகிற போக்கைப் பார்க்கக் கேட்டவனும் இருப்பான். இவர்களைப் பிரித்து 'உண்மையான' தேசபக்தனை மட்டும் எடுத்துக்கொள்ள வரலாற்றில் சல்லடை கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அரசாங்கம் அஞ்சியது அந்தச் சந்தோஷத்துக்குத்தான். கூட்டத்தில் பேசினால் ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஒன்ஸ்மோர் வாங்கிய பாட்டு மறுநாள் களையெடுப்பில் இருக்கும், கமலை இறைப்பில் இருக்கும். 1786இல் வியன்னாவில் மோஸார்ட்டின் 'ஃபிகாரோ' ஆப்பராவில் ஜனங்கள் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு இரவு நீண்டபோது, பேரரசர் இரண்டாம் ஜோசப் ஒருவருக்கு மேற்பட்டோர் பாடும் பாட்டுகளைத் திரும்பப் பாடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அவருக்கு நேரம் பிரச்னை. பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பாட்டின் ஆயுள் பிரச்னை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். ஊர் நாவிதர் என்று சொல்லும் சமூகம். அவரோடு ஜோடியாக மேடையேற மறுத்த நடிகைகள் உண்டு. பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராக அறியப்பட்ட கே. பி. ஜானகி அம்மாள் முன்வந்து அவரோடு நடித்தார். முருகனாக மயில்மேல் உட்கார்ந்திருப்பவரைக் கும்பிட்ட ஊர், விடிந்தபின் அவரை எந்தத் திண்ணையில் உட்காரவைத்தது என்பதை ஆரவாரம் சொல்லாது. கைதட்டலுக்குத் தீட்டு இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு சின்ன விஷயமும்கூட. தினைக்காட்டில் கொக்குக்கு என்ன வேலை என்று சரியாகக் கேட்டவர்கள், தங்கள் தெருவில் யாருக்கு இடமில்லை என்பதை அதே இரவில் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே விஸ்வநாத தாஸ் இறந்தார்.

5

நாடகம் இறக்கவில்லை. வள்ளி திருமணம் 1945இல் 'ஸ்ரீவள்ளி' என்ற படமாக வந்து பெரிய வெற்றி பெற்றது. டி. ஆர். மகாலிங்கம் பாடினார். படத்தில் ஒரு சௌகரியம், பாட்டு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு குறை, யார் கேட்டாலும் திரும்பி வராது. ஒன்ஸ்மோர் என்பது உயிரோடு இருக்கும் ஒருவரிடம் கேட்பது. திரையிடம் கேட்க முடியாது. டிக்கெட் எடுத்து மறுபடி போகலாம். அது வேறு காரியம்.

ஸ்பெஷல் நாடகம் கொடைகளில் தொடர்ந்து நடந்தது. அங்கே நான் பார்த்த ஓர் இரவைச் சொல்லவேண்டும். 1976 பங்குனிப் பொங்கல். எங்களுக்குப் பக்கத்து ஊர். எனக்குப் பத்து வயது. நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். ஜனவரி 31இல் மாநில ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். காமராஜ் போன அக்டோபர் 2இல் காலமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1957லும் 1962லும் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது சாத்தூர்த் தொகுதி. எங்கள் பக்கத்தில் கதர் என்றால் ஒரு கட்சியின் உடுப்பு மட்டும் இல்லை, துக்கமும்கூட. இதையெல்லாம் பின்னால் சேர்த்துப் பார்த்தவன் நான். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மண்ணெண்ணெய் வாடையும் காராச்சேவுப் பொட்டலமும்தான்.

பபூன் வந்து போனபின் ஜனம் பாதி தூங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீசுக்குக் காலையில் போகவேண்டிய பெண்கள் பின்னால் ஒரு கூட்டமாகச் சாய்ந்திருந்தார்கள். வேடனாக வந்த ராஜபார்ட் நடுவயதுக்காரர். ஊரில் பெரியவர்கள் யாரோ கேட்டுக்கொண்டதால் பழைய கொக்குப் பாட்டைப் பாடினார். நல்ல குரல். கிழவர்கள் தலையாட்டினார்கள். இளவட்டங்கள் பீடி பற்றவைத்தார்கள். ஒரு பாட்டு மரியாதையாகச் சாவதை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் பபூன் உள்ளே வந்துவிட்டார். பாடத்தில் அவருக்கு அங்கே வேலை இல்லை.

"வெள்ளக்காரன் போயி முப்பது வருசம் ஆகப்போகுது. இன்னும் என்னண்ணே கொக்க வெரட்டிக்கிட்டு இருக்கீக?"

ராஜபார்ட் கொஞ்சம் நிதானித்தார். ஹார்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

"கொக்கு போச்சு தம்பி. அது கழட்டிப் போட்ட வெள்ளயத்தான் ஆளாளுக்கு எடுத்து மாட்டிக்கிட்டாகளே."

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. தாத்தா தோளில் வெள்ளைத் துண்டு கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு சிரிப்பு பின்னாலிருந்து வந்தது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடமிருந்து. அப்புறம் எல்லாப் பக்கமும். தூங்கியவர்கள் எழுந்து 'என்ன, என்ன' என்று கேட்டார்கள். 'ஒன்ஸ்மோர்' என்று ஒரு பெண்குரல். அதைத் தொடர்ந்து பல குரல்கள்.

விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் மேடையின் பக்கவாட்டில் ஏறி ஹார்மோனியக்காரர் காதில் ஏதோ சொன்னார். ஹார்மோனியம் வேறு பாட்டுக்குப் போனது. வள்ளி வந்தாள். ஒன்ஸ்மோர் கிடைக்கவில்லை.

பாட்டில் ஒரு வார்த்தை மாறவில்லை. மெட்டு மாறவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன் பழம்பொருளாகக் கிடந்தது, ஒரு பபூனின் கேள்வியால் மறுபடி ஆபத்தான பாட்டாகிவிட்டது. அதை ஆபத்தாக்கியவர் ராஜபார்ட் மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பு எழாமல் இருந்திருந்தால் கமிட்டிக்காரர் எழுந்தே இருக்கமாட்டார். தாத்தா தாஸின் நாடகத்தில் என்ன பார்த்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் காணக் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். மறுக்கப்பட்ட ஒன்ஸ்மோர்தான் நான் கேட்டவற்றில் பெரிய ஒன்ஸ்மோர்.

6

அடுத்த ஆண்டு, 1977இல், சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கியது. நவீன நாடகத்துக்கான தேடல் தெருக்கூத்தின் பக்கம் திரும்பியது. ந. முத்துசாமி அதைப் பற்றி எழுதியவை நம்மில் பலர் கண்ணைத் திறந்தன. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூத்தில் வேரைக் கண்ட நாம், ஸ்பெஷல் நாடகத்தில் கலப்படத்தைத்தான் கண்டோம். பார்சி மெட்டு, ஹார்மோனியம், சினிமாப் பாட்டு, பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சு. தூய்மையாக எதுவும் அதில் இல்லை. பிரெக்டை மொழிபெயர்த்துப் பார்வையாளனின் விமர்சனப் பிரக்ஞையைப் பற்றி நாம் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிரக்ஞை சாத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் தரையில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தது. தியடோர் பாஸ்கரன் 1981இல் தேசிய இயக்கத்துக்கும் மேடைக்குமான உறவை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வாழ்க்கையையும் அவர்கள்மேல் விழுந்த இழிவையும் பற்றி சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2005இல் பெரிய நூல் வெளியிட்டார். நாம் அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

இன்று ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்கப் போனால் ஆரவாரம் பபூன் - டான்ஸ் காட்சிக்குத்தான். விசில் பறக்கும். ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். இன்னார் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லப்படும். இது சீரழிவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கத் தயாராக இல்லை. திரும்பக் கேட்கும் உரிமை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைக் காசாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் துக்கம். ஒன்ஸ்மோர் கேட்பவனுக்குப் பெயர் கிடையாது, அது கூட்டத்தின் குரல். அன்பளிப்புக்குப் பெயர் உண்டு, தொகை உண்டு. ஐந்நூறு ரூபாய் குத்தியவர் கேட்கும் பாட்டு வரும். பின்னால் சாய்ந்திருக்கும் பெண்கள் கேட்பது வராது.

சட்டங்கள் ஒருவழியாக ஓய்ந்தன. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து 1954இல் சென்னை மாகாணம் செய்துகொண்ட நாடகச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் நீக்கினார்கள். நூற்றி நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த சட்டம் போனபோது ஒரு நாடகக் கொட்டகையிலும் சத்தம் எழவில்லை. திருமங்கலத்தில் தாஸுக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. கொக்குப் பாட்டை இப்போது யார் வேண்டுமானாலும் பாடலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவில் அதைப் பாடக் கேட்டேன். பழைய இசை நாடகக் காட்சிகளை மீண்டும் நிகழ்த்திக் காட்டினார்கள். சுதந்திரப் போராட்டத்தில் இந்தப் பாட்டு ஆற்றிய பங்கைப் பற்றி அறிவிப்பாளர் முதலில் விளக்கினார். கொக்கு என்றால் வெள்ளையர் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நாற்காலியில் இருந்தவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். ஒன்ஸ்மோர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. புரிய வேண்டியதை முன்கூட்டியே புரியவைத்துவிட்டதால் எங்களுக்கு அங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

வெளியே வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் கேட்டேன். பத்து வயது இருக்கும்.

"கொக்கு தினை திங்குமாப்பா?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"தினைன்னா கடையில பாக்கெட்டுல விக்கிறாங்களே, அதுவா தாத்தா?"

அதுதான் என்றேன்.